எட்டாம் நம்பர் ரவை

இந்த வருடம் வீட்டில் என் சொல்தான் எடுபடும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த இடம் கோழிக்கொட்டகை. அங்கே எதிர்த்துப் பேச ஆளில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மினசோட்டா காட்டுக்கோழிக்குச் சின்னக் குழல் துப்பாக்கியில் எந்த ரவை போடுவது? ரவை என்றால் பொடி ஈயக்குண்டு; எண் ஏற ஏற அது சிறுக்கும். தோட்டாவுக்குள் முக்கால் அவுன்ஸ் போடுவோம். எட்டாம் நம்பர் என்றால் முந்நூற்று ஏழு ரவை. ஆறாம் நம்பர் என்றால் நூற்று அறுபத்தெட்டு. எண்ணித்தான் சொல்கிறேன்.

"எட்டுதான். நிறைய பறக்கும், நாலு ரவையாவது படும்" என்றேன்.

"இலை இன்னும் உதிரலை. உங்க எட்டு இலையிலேயே நின்னுடும்" என்றாள் என் மனைவி சிக்னே. அவளும் சுடுகிறவள்தான். "ஆறு போடுங்க. துளைச்சுக்கிட்டுப் போகும்."

"நாப்பது வருஷமா சுடறேன்."

"நாப்பது வருஷமா நான்தானே சமைக்கறேன். எத்தனை வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

பந்தயம் கட்டினோம். ஞாயிறு மாலைக்குள் எட்டாம் நம்பரில் மூன்று கோழி விழுந்தால் நான் ஜெயித்தவன். தோற்றவர் வேட்டைப் பருவம் முழுக்க எல்லாக் கோழிக்கும் இறகு பிடுங்கி, இறைச்சியில் சிக்கிய ரவையைப் பொறுக்க வேண்டும். இறகு பட்டால் எனக்கு மூக்கிலிருந்து முழங்கை வரை அரிக்கும்.

சனிக்கிழமை நாய் பிப்போடு காட்டுக்குப் போனேன். ஏழு தோட்டா சுட்டேன். இலை நிறைய விழுந்தது. பிப் அதில் ஒன்றைக் கவ்விவந்து மரியாதையாக என் காலடியில் வைத்தது.

ஞாயிறு காலை சிக்னே தேவாலயத்தில் பாடப் போனாள். நான் ஸ்டூலில் ஏறி, மேல்தட்டில் இருந்த அவளுடைய ஆறாம் நம்பர் டப்பாவைத் திறந்தேன். தோட்டாக்களை வீட்டிலேயே அடைப்பதால் எல்லாம் ஒரே நிறம். தோட்டாவின் வாய்மூடியில் பேனாவால் எழுதிய எண் மட்டும்தான் வேறு. நான்கை எடுத்துக்கொண்டு, இடம் காலியாகத் தெரியாமல் என் எட்டாம் நம்பர் நான்கை எண் மறையும்படி தலைகீழாகச் செருகினேன்.

மாலையில் மூன்று கோழியோடு வந்தேன்.

"எட்டா?"

"எட்டேதான்."

"அப்ப நான் தோத்தேன். குடுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

கண்ணாடியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நெஞ்சுக்கறியில் ஒரே ஒரு ஆறாம் நம்பர் கிடைத்தால் போதும். மிளகுக்கும் கடுகுக்கும் வித்தியாசம் தெரியாதவளா?

"இரு, உனக்கேன் சிரமம். நானே பிடுங்கறேன்."

"ஜெயிச்சவரா பிடுங்குவாரு?"

"ஜெயிச்சவனுக்குப் பெருந்தன்மை வேணும் இல்லையா?"

"இன்னைக்கு மட்டுமா?"

யோசித்தேன். இனி எல்லா வாரமும் அவள் டப்பாவை நம்பித்தான் என் பிழைப்பு.

"பருவம் முழுக்க" என்றேன்.

அவள் காப்பி ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் சொறிந்தேன், பிடுங்கினேன், பொறுக்கிய ரவையைச் சட்டைப்பையில் ஒளித்தேன். இரண்டாவது கோழி முடியும்போது கூப்பிட்டாள்.

"ஏங்க."

"என்ன?"

"என் டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாத்திட்டேன். நீங்க ஸ்டூல்லேருந்து விழுந்து வெச்சா, அப்புறம் இறகை யாரு பிடுங்கறது?"