முதல் பூவை யார் பறிப்பது?

உலகத்தில் மரியாதை என்கிற சரக்கு எங்கே உற்பத்தியாகிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் எங்கள் விலாசத்தைக் கொடுக்கலாம். ஈரான் தேசம், மஷ்ஹத் நகரம், ரொட்டிக்கடைச் சந்து, நான்கு மாடிக் கட்டடம். மற்ற ஊர்களில் மனிதர்கள் கதவைத் திறந்தால் உள்ளே போய்விடுகிறார்களாம். எங்கள் கட்டடத்தில் அப்படியொரு அநாகரிகம் நடந்ததே கிடையாது. 'நீங்க முதல்ல', 'ஐயோ, நீங்க முதல்ல' என்று இரண்டு பேர் வாசலில் நிற்க ஆரம்பித்தால், மூன்றாவது ஆள் ரொட்டி வாங்கித் திரும்பும்போதும் அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள். அவனும் சேர்ந்துகொள்வான். ரொட்டி ஆறிப்போகும். போகட்டுமே, ரொட்டியா பெரிது?

இந்தக் கலையில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் 'விழா மற்றும் வரவேற்புப் பிரிவு' என் பொறுப்பில் இருந்தது. ஒரு தடவை என் ஏற்பாட்டில், விருந்துக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டதில் விருந்தே நடக்கவில்லை. அதற்கு எனக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

ஆகவே, எங்கள் முற்றத்துக் குங்குமப்பூப் பாத்தியைக் காப்பாற்றும் பணி என் தலையில் விழுந்ததில் வியப்பில்லை.

பாத்தி போட்டவள் என் மனைவி மஹ்ரோக். அவளுடைய அப்பா காயின் என்கிற ஊர்ப் பக்கம் குங்குமப்பூ பயிரிட்டவர். அவர் போன பிறகு அண்ணன்மார் நிலத்தை விற்றுவிட்டார்கள். அவள் தன் பங்காகக் கேட்டு வாங்கி வந்தது ஒரு சாக்குக் கிழங்கு. அதைப் போன வருஷம் முற்றத்தில் நட்டாள். முதல் வருஷம் பேருக்கு ஒன்றிரண்டு பூத்தது. இந்த வருஷம்தான் கிழங்கு பெருத்துக் குட்டி போட்டிருக்கிறது, பாத்தி நிறையப் பூக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேல்மாடி கியூமர்ஸ் கட்டடக் கூட்டத்தில் எழுந்தார். நல்ல கோடை. பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது.

"அக்கா, உங்க பூ மேல எனக்கு உயிரு. ஆனா வண்டியை எங்கயோ ஒரு சந்துல விட்டுட்டு தினம் நடந்து வர்றேன். இங்க சிமென்ட் போட்டா ரெண்டு வண்டி நிக்கும். அந்த மண்ணுல இப்ப என்ன இருக்கு, சொல்லுங்க? ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?" என்றாள் மஹ்ரோக். "உள்ள கிழங்கு தூங்குது. கோடையில அது தூங்கத்தான் செய்யும். நீங்ககூடத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கறீங்க. உங்க மேல சிமென்ட்டைக் கொட்டவா செய்யறோம்?"

கூட்டத்தில் சலசலப்பு. நான் தலையிட்டு, வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு தீர்மானத்தை வாசித்தேன். குளிர் தொடங்கும் ஆபான் மாதக் கடைசிக் கூட்டத்தில், இதே முற்றத்தில் விளைந்த குங்குமப்பூ போட்ட தேநீர் எல்லாருக்கும் வழங்கப்பட்டால் பாத்தி நிரந்தரம். இல்லையேல் சிமென்ட். ஏகமனதாக நிறைவேறியது. கூடவே 'இலையுதிர்காலப் பூக்கிழங்குப் பராமரிப்பு உயர்மட்டக் குழு' ஒன்றும் அமைக்கப்பட்டது. தலைவர் அடியேன். மற்ற உறுப்பினர்கள் யாருமில்லை. 'நீங்க இருங்க, நீங்க இருங்க' என்று எல்லாரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

குழு உடனே களத்தில் இறங்கியது. அதாவது, நான் தண்ணீர்க் குழாயை எடுத்தேன்.

"குழாயை மூடுங்க!" என்று மஹ்ரோக் ஓடி வந்தாள். "இந்த வெயில்ல தண்ணி காட்டினா அழுகிப் போயிடும்."

"பாவம், தாகமா இருக்காதா?"

"உங்களுக்கு இருந்தா நீங்க குடிங்க."

கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் காத்தாள். மெஹர் மாதம் பிறந்து வெயில் தணிந்ததும் ஒரே ஒரு தடவை நிறைய விட்டாள். மண் காய்ந்து பொருக்குத் தட்டியதும், உட்கார்ந்து உட்கார்ந்து சின்னக் களைக்கொத்தால் அந்தப் பொருக்கை உடைத்தாள். உடைக்காவிட்டால் மொட்டு முட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடுமாம். இந்தப் பணிகள் அனைத்துக்கும் குழுவின் சார்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் ஒப்புதல் வழங்கினேன்.

ஆபானில் ஒரு நாள், இருள் பிரிவதற்குள் என்னை உலுக்கினாள். "வந்திருச்சுங்க! எழுந்திரிங்க, வந்திருச்சு!"

போய்ப் பார்த்தேன். இலை இல்லை, தண்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மண்ணிலிருந்து நேராக ஊதா மொட்டுகள், பாத்தி முழுக்க. மஹ்ரோக்கின் கண் நிறைந்துவிட்டது. கையில் கூடை வைத்திருந்தாள்.

"கூடை எதுக்கு?"

"பறிக்கத்தான். வெயில் ஏறினா விரிஞ்சு வதங்கிடும். அதுக்குள்ள பறிச்சு, உள்ள இருக்கற சிவப்பு நாரை எடுத்துடணும். அதுதானே குங்குமப்பூ."

"நாமளேவா? இது பொது முற்றம் மஹ்ரோக்! முதல் பூவுல நம்ம கை முதல்ல பட்டா கட்டடமே என்ன பேசும்? அலையறாங்கன்னு பேசும்."

நான் மாடி மாடியாக மணியடித்தேன். எல்லாரும் போர்வையோடு இறங்கி வந்தார்கள். முதல் மாடிப் பல் டாக்டர் பரிச்செஹரை நான் வணங்கி அழைத்தேன்.

"டாக்டரம்மா, உங்க கையால தொடங்கி வைங்க."

"என் கையா? பெரியவங்க நீங்க இருக்கையில? கியூமர்ஸ் அண்ணே, நீங்க வாங்க."

"நானா!" என்று கியூமர்ஸ் இரண்டு எட்டுப் பின்னால் போனார். "என் சாவு மேல சத்தியம், டாக்டரம்மா முன்னாடி நான் குனிய மாட்டேன். நீங்கதான்."

"உங்க காலடி எங்க கண்ணு மேல அண்ணே, நீங்கதான்."

"ஷாபூர் அண்ணே இருக்காரே! அவரை விட்டுட்டு நாமளா?" என்று கியூமர்ஸ் என்னைக் காட்டினார்.

"ஐயோ, நான் உங்க எல்லாருக்கும் அடிமை," என்றேன் நான்.

மதிலுக்கு மேல் சூரியன் வந்துவிட்டான். பூக்கள் விரிந்து, சோர்ந்து, சாய்ந்தன. ஆபீசுக்கு நேரமாயிற்று என்று எல்லாரும் கிளம்பினார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் கியூமர்ஸ்.

"வதங்கினதுல இருந்தாவது எடுத்து வைக்கிறேன்," என்றாள் மஹ்ரோக்.

"வாடின பூவையா விருந்தாளிக்குக் கொடுக்கறது? மானம் போயிடும்," என்றேன்.

மறுநாளும் புதுப் பூக்கள் வந்தன. மறுநாளும் நாங்கள் வந்தோம். கியூமர்ஸின் பெருந்தன்மை நாளுக்கு நாள் வளர்ந்தது. முற்றத்துக்கு முதலில் வருகிறவர் அவர்தான். கைகட்டி, கடைசியில் நின்று, எல்லாரையும் முன்னால் போகச் சொல்கிறவரும் அவர்தான். ஒரு நாள் பரிச்செஹர் பொறுக்க முடியாமல் பூவை நோக்கிக் கை நீட்டியபோது, "இருங்க டாக்டரம்மா, கீழ்வீட்டு ஹாஜி ஊர்ல இல்லை. வயசுல மூத்தவர். அவர் இல்லாம தொடங்கினா நல்லா இருக்குமா?" என்றார். டாக்டர் வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதருக்கா வண்டி நிறுத்த இடமில்லை என்று மனம் நொந்தேன்.

"அவரு மரியாதை காட்டலைங்க, நாளைக் கடத்தறாரு," என்றாள் மஹ்ரோக். "பூ இருக்கறதே கொஞ்ச நாளைக்குத்தான். அப்பா இருந்தா என்னைத் திட்டித் தீர்த்திருப்பாரு. பறிக்காம நின்னு வேடிக்கை பார்க்கறியேன்னு."

கடைசியில் ஹாஜி நேமத்துல்லா ஊரிலிருந்து திரும்பினார். பாத்தியில் மிச்சமிருந்தது ஒரு கைப்பிடிப் பூ. ஒரு கெண்டித் தேநீருக்கு அது தாராளம். ஹாஜி எல்லாரையும் பார்த்தார், பூவைப் பார்த்தார்.

"இதுல என்ன யோசனை? நட்டவ பறிக்கட்டும். வாம்மா மஹ்ரோக்."

மஹ்ரோக் அந்த நொடியே குனிந்துவிட்டாள். ஒரு 'ஐயோ' இல்லை, ஒரு 'நானா' இல்லை! என் மானமே போய்விட்டது. அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"ஹாஜி, உங்க முன்னாடி எங்க வீட்டுப் பொம்பளை முந்துவாளா? அப்படிப்பட்ட பழக்கமெல்லாம் எங்க வீட்டுல இல்ல."

"பரவாயில்லப்பா, பறிக்கட்டும்," என்றார் ஹாஜி.

"முடியாது ஹாஜி, முடியவே முடியாது," என்றேன்.

முறை தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை அவர் வற்புறுத்துவார். அப்போது தலை குனிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நான் குனிவதற்குத் தயாராக நின்றேன்.

ஹாஜி வாயைத் திறந்தார். அதற்குள் கியூமர்ஸ் அவர் தோளில் கை வைத்தார். "ஷாபூர் அண்ணே இவ்வளவு தூரம் சொல்றாரே ஹாஜி. இதுக்கு மேல கட்டாயப்படுத்தினா அவருக்கு அவமரியாதை."

"அதுவும் சரிதான்," என்று ஹாஜி வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று இரவு உறைபனி விழுந்தது. மிச்சப் பூக்கள் ஈரக் காகிதமாக மண்ணோடு ஒட்டிக்கொண்டன.

ஆபான் கடைசிக் கூட்டத்தில் வெறும் தேநீர் வழங்கப்பட்டது. தீர்மானப்படி சிமென்ட். கியூமர்ஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் நெஞ்சே வெடிக்குது அக்கா," என்றார். மஹ்ரோக் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மண்வெட்டியோடு இறங்கி, இலை விடத் தொடங்கியிருந்த கிழங்குகளை மண்ணோடு மண்ணாகப் பெயர்த்து, வீட்டிலிருந்த வாளி, அண்டா எல்லாவற்றிலும் நிரப்பினாள். நான் உதவப் போனேன். "நீங்க வேண்டாம்," என்றாள்.

சிமென்ட் போட்டவர்கள், காய்கிறவரை யாரும் ஏறக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். இடம் இரண்டு வண்டிக்கு. கட்டடத்தில் வண்டி இல்லாத வீடே இல்லை. மறுநாள் காலை நான் கயிற்றை அவிழ்த்து, என் பழைய பெய்கான் காரை நடுவில், இரண்டு இடத்தையும் அடைத்து நிறுத்தினேன். சக்கரம் ஈரத்தில் அழகாகப் பதிந்தது.

கியூமர்ஸ் வெறுங்காலோடு ஓடி வந்தார். "அண்ணே! இது நியாயமா? இந்த இடத்துக்காக எவ்வளவு பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும்!"

நான் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அவர் கத்திவிட்டுப் போன பிறகுதான் இறங்கினேன். மாடி ஜன்னலில் மஹ்ரோக் நின்றாள்.

"ஏங்க, அவருக்கு ஒரு தடவையாவது 'நீங்க முதல்ல'ன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவரு வண்டியைக் கொண்டாந்து நிறுத்திடுவாருடி!"

"ஓ," என்றாள் மஹ்ரோக். "அப்ப, வேணுங்கற பொருளுக்கு மரியாதை பார்க்கக் கூடாதுன்னு உங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்கு."