ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு வேலையாள்

லோர்கன் மருத்துவமனையிலேயே சபதம் எடுத்துவிட்டான். பிரசவம் முடிந்ததும் தருகிற டீயும் டோஸ்ட்டும் எனக்கு வந்திருந்தன. அந்த டோஸ்ட்டைத் தின்றுகொண்டே சொன்னான்:

"ஓர்லா, ரெண்டு வாரம் லீவு. ஒரு வரி புரோகிராம் எழுத மாட்டேன். முழுசா உனக்கும் பாப்பாவுக்கும்தான்."

நான் அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். பாதி அதுதான். மீதி, டோஸ்ட்.

சபதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அவன்தான் எழுத மாட்டான். வேறொன்று எழுதலாம் இல்லையா? வீட்டுக்கு வந்த மறுநாளே சமையலறை மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது.

"என்ன இது?"

"நான் வேலை பாக்கல. வேலைக்கு ஆள் ஏற்பாடு பண்றேன். கோடிங் அசிஸ்டன்ட். நான் சொன்னா அது எழுதும். ஆஃபீஸ் வேலை இல்ல, என் மழை ஆப்."

மழை எப்போது நிற்கும் என்று சொல்லும் ஆப். எங்கள் கால்வே நகரத்துக்கு. இரண்டு வருடமாக எழுதுகிறான். மழையும் நிற்கவில்லை, ஆப்பும் முடியவில்லை.

"ஆள் எங்க?"

"லேப்டாப்ல இருக்கறது கை மட்டும்தான். மூளை கிளவுட்ல இருக்கு. ரெண்டையும் இணைச்சுட்டா போதும்."

ஜன்னல் வழியே பார்த்தேன். இந்த ஊரில் கிளவுடுக்கா பஞ்சம்?

"எந்த கிளவுட்?"

"ஃபிராங்க்ஃபர்ட்."

"கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு ஃபிராங்க்ஃபர்ட்லேருந்தா ஆள் எடுப்பாங்க? அது நாப்பி மாத்துமா?"

"அது என் வேலையைப் பாக்கும். நான் நாப்பி மாத்துவேன். அதான் திட்டமே!"

புதுக் கணக்கு தொடங்கினால் முதல் மாதம் இலவசமாம். அவன் பெயரில் அந்த இலவசம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. அதனால் நான் பாப்பா ரோஷீனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் பெயர், என் ஈமெயில், என் ஃபோன் எண் எல்லாவற்றையும் போட்டுவிட்டான். "சும்மா பேருக்குத்தான்" என்றான். அப்படியாக, பாலும் கையுமாக உட்கார்ந்திருந்தபடியே நான் ஜெர்மனியில் ஒரு மூளைக்கு எஜமானி ஆனேன்.

இணைப்பு லேசில் வரவில்லை. அனுமதி இல்லை என்றது திரை. மாடலின், அதாவது அந்த மூளையின், பெயரில் ஓர் எழுத்து பிசகு என்றது. கடைசியில் அந்த மாடலே ஃபிராங்க்ஃபர்ட்டில் இல்லை, ஸ்டாக்ஹோமில்தான் இருக்கிறது என்றது. எங்கள் வேலையாள் வேலைக்கு வருமுன்பே ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தான். நாட்கள் போயின. நாப்பிகளை நான்தான் மாற்றினேன்.

அதுகூடப் பரவாயில்லை. எனக்கு வேறொரு பயம்.

குழந்தை அழும்போது நான் பயப்படுவதில்லை. தூங்கும்போதுதான். அவ்வளவு சின்ன மூக்கில் காற்று போய் வருவது வெளியே கேட்பதே இல்லை. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பேன். சூடாக ஏதோ படும். நிம்மதியாக உட்காருவேன். உட்கார்ந்ததும், பட்டது அவள் மூச்சா, என் விரலின் சூடா என்று சந்தேகம் வரும். மறுபடி எழுவேன். இதைப் பங்குபோட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் எனக்கு. அந்த ஆள் ஐந்தடி தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டாக்ஹோமோடு பேசிக்கொண்டிருந்தான். யாருமே இல்லாத வீட்டில் தனியாக இருப்பது இதைவிட லேசாக இருந்திருக்கும்.

ஒருவழியாக இணைப்பு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பாதுகாப்புக்காக அது மணிக்கு ஒருமுறை தானாக அறுந்துவிடும். மீண்டும் இணைக்க ஓர் எண் வேண்டும். அந்த எண் கணக்குக்குச் சொந்தக்காரரின் ஃபோனுக்கு வரும்.

சொந்தக்காரர் நான்.

கான்வென்ட்டில் எங்களுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தரவில்லை. உண்மையைப் பாதியில் நிறுத்தக் கற்றுத்தந்தார்கள்.

"ஓர்லா! நம்பர் வந்துதா?"

"ஃபோன் இங்கதான் எங்கயோ இருக்கு."

"எங்க?"

"ஸ்வெட்டர் பாக்கெட்ல."

வந்து பார்த்தான். ஸ்வெட்டர் என் மேல் இருந்தது. பாக்கெட்டின் மேல் ரோஷீன் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா உருவவா?"

"உருவு. முழிச்சா நீதான் தூங்க வைக்கணும்."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "சரி, அவளை எங்கிட்ட குடு. நீ எடுத்துப் படி."

நான் இதற்குத்தான் காத்திருந்தேன். நிரம்பிய சூப் கிண்ணத்தை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினான். அப்படியே சோபாவில் இறங்கினான். அவள் முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். நான் படித்தேன்.

"ஏழு, ரெண்டு, ஒன்பது..."

"இரு, டைப் அடிக்கக் கை இல்ல. நீயே அடிச்சிடு."

"உன் மேகத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? தப்பா அடிச்சு ஸ்டாக்ஹோம் அணைஞ்சு போச்சுன்னா?"

"ஓர்லா! ஒரு நிமிஷத்துல அந்த நம்பர் செத்துடும்!"

"சத்தம் போடாத. முழிச்சிடுவா."

எண் செத்தது. இணைப்பு அறுந்ததாகத் திரை அறிவித்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் கழுத்து அசையும்.



"லேப்டாப் நின்னு போனா ஆன் பண்ணிக்கலாம்," என்றான் மெதுவாக. "இவளுக்கு அப்படி பட்டன் எதுவும் இல்லையே, ஓர்லா. நான் தொட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

பயந்து நடுங்குகிற ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முதுகு மட்டும் தெரிந்தால் எப்படித் தெரியும்?

"மாட்டிவிட்டுட்ட இல்ல? வேணும்னேதான்?" என்றான்.

"நீ லீவுல இருக்க. முழுசா எங்களுக்குத்தான்னு டோஸ்ட் சாப்பிட்டுக்கிட்டே சொன்ன."

சிரிக்கப் பார்த்தான். சிரித்தால் மார்பு குலுங்கும் என்று விழுங்கிக்கொண்டான். அப்போது ஃபோன் லேசாக அதிர்ந்தது. ரோஷீன் புருவத்தைச் சுருக்கினாள்.

"அந்தச் சனியனைத் தூரக் கொண்டுபோயேன்!" என்று பதறினான். "நம்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மாடிக்குப் போனேன். குழந்தை பிறந்ததிலிருந்து முதல் முறையாக, யார் மூக்கிலும் விரல் வைக்காமல் படுத்தேன். கண் செருகியது.

கீழேயிருந்து ஒரு கிசுகிசுப்பு மாடிப்படி ஏறி வந்தது.

"ஓர்லா... ஓர்லா... இவ மூச்சு விடறாளான்னு எப்படிப் பாக்கறது?"