கார்னெலைப் பற்றி உள்ளதை உள்ளபடி

ஈஸ்ட் ஹாம்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணைக்கு,

தங்கச்சி பெர்னடெற் எழுதுவது. மடுமாதாவின் துணையால் நானும் இவரும் நல்ல சுகம். ரொறன்ரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் மச்சாள் குடும்பக் குரூப்புக்கே அனுப்பிவிடுவா என்ற பயத்தில்தான் பேனை எடுத்தேன்.

எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் அமெரிக்கக் கூடைப்பந்துக்காரன் கார்னெலை உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்றுநராக எடுக்கலாமா, ஆள் எப்படி, உள்ளதை எழுது என்று கேட்டிருந்தீர்கள். உள்ளதை எழுதுகிறேன். வேண்டாம் அண்ணை.

முதலில் ஆளின் சரித்திரத்தைக் கேளுங்கோ. ஒஹாயோவில் பிறப்பு. தாய் பஸ் ஓட்டி வளர்த்த பிள்ளை. சின்ன வகுப்பிலேயே வாத்தியாரைவிட உயரமாம். கல்லூரியில் பெரிய பெயர், பேப்பரில் படம். பிறகு பெரிய அணி ஒன்று எடுத்தது. எடுத்து என்ன, சீசன் முழுக்கக் களத்துக்கு வெளியே வாங்கிலில் இருத்திவைத்துவிட்டு, களத்தில் விட்டது ஒரு பருப்புக்கறி கொதிக்கிற நேரம்கூட இல்லை. அதுக்குள்ளே முழங்கால் போய்விட்டது. அதன்பின் லித்துவேனியா, துருக்கி, போலந்து என்று நாடு நாடாய் விளையாடி, கடைசியாய் லண்டன் கிளப் ஒன்றுக்கு வந்தான். இந்த வருசத்தோடு போதும் என்று அவையும் சொல்லிப்போட்டினம். இதையெல்லாம் சோற்றுக் கோப்பையோடு இருந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறான், வெட்கமே இல்லை! இவனையா பிள்ளைகளுக்கு முன்மாதிரி காட்டப்போறியள்?

குசினி வாசல் நிலையில் தலையை இடிக்காத நாள் இல்லை. இடித்துவிட்டு நிலையிடம் 'ஐ ஆம் சொறி' சொல்லுறான். நான் மீன் பொரிக்கப் புகை அலாரம் கத்தினால் முந்தி இவர் ஏணி எடுத்துவருவார். இப்ப அவன் நின்றபடியே கையை நீட்டி நிற்பாட்டுறான். இவருக்கு வீட்டில் இருந்த ஒரேயொரு வேலையும் போச்சு. புட்டு அவித்தால் அவனுக்கு ஒரு நீத்துப்பெட்டி காணாது.

மாதா திருவிழாவில் நடந்தது இதைவிட மோசம். ஊர்வலத்தில் மாதா சுருவத்துக்கு மேலே பிடிக்கிற துணி மேற்கட்டிக்கு நாலு கம்பு. நாலாவது கம்பு பிடிக்கிற புவனேந்திரனுக்கு அன்று இடுப்புப் பிடித்துக்கொண்டது. இவர் ஒருவரையும் கேட்காமல், "தம்பி, நீ ஒருக்கால் பிடி" என்று கார்னெலிடம் கொடுத்துவிட்டார். மற்ற மூன்று பேரும் இவருடைய உயரம்! ஒரு மூலை வானத்தில், மூன்று மூலை பூமியில். மழை வேறு. தேங்கின தண்ணி முழுக்கச் சரிந்து இவருடைய புதுக் கோட்டில் ஊற்ற, பக்கத்தில் வந்த மெற்றில்டா அக்கா செபமாலையை விட்டுப்போட்டுச் சிரிக்கிறா. "பதிச்சுப் பிடியடா!" என்று இவர் கத்த, அவன் முழங்காலை மடித்து, அரைகுந்தலில் ரோட்டு முழுக்க நடந்து வந்து சேர்ந்தான். வீட்டில் பார்த்தால் அந்தப் பழுதான முழங்கால் பலாப்பழம்போல வீங்கிக் கிடக்குது.

"கம்பை ஆரிட்டையும் குடுத்திருக்கலாமே, பொடியா?" என்று ஏசினேன்.

"மாதா நனைஞ்சிடுவா, அன்ரி" என்கிறான். அவன் எங்கட சபைகூட இல்லை!

இப்படித் தன் காலையே பார்க்கத் தெரியாதவன் உங்களுக்கு எதுக்கு? இங்கே ஏதாவது வேலை கிடைக்காமலா போகும்? வேலை இல்லை என்று அவனுக்குப் பக்குவமாய் எழுதிவிடுங்கோ.

மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். இயேசு மரி சூசை உங்கள் வீட்டு வாசலில் காவல் இருக்கட்டும்.

தங்கை,
பெர்னடெற்

பி.கு.: உறையை ஒட்டினதும், தான் கொண்டுபோய்ப் போஸ்ட் பண்ணுறன் என்று கார்னெல் வந்து நிற்கிறான். "நல்லதாய் எழுதினீங்களோ, அன்ரி? எனக்கு இந்த வேலை கட்டாயம் வேணும்" என்று கேட்டான். தமிழ் வாசிக்கத் தெரியாதவன். அவன் கையிலேயே இதை எப்படிக் கொடுக்கிறது? ஓம் என்று சொல்லிப்போட்டு, உறையைக் கிழிச்சு இதை எழுதுறன். அண்ணை, அவனைப் போகவிட எனக்கு மனம் இல்லை, அதுதான் இவ்வளவும். எடுங்கோ. வாங்கிலில் இருக்கிற பிள்ளைகளை அவன் வடிவாய்ப் பார்ப்பான். ஆனால் மாதா திருவிழாவுக்கு மட்டும் லீவு கொடுத்து அனுப்பவேணும். மற்ற மூன்று கம்புக்கும் இவர் ஏற்கெனவே மரத்துண்டு வைத்து நீட்டிப்போட்டார்.