பொட்டு வைத்த அட்டைகள்

படித்தவன் தோற்றால் அதற்குத் தக்கதொரு தொழில்நுட்பக் காரணம் இருந்தாக வேண்டும் என்பது என் கொள்கை. என்னுடைய காரணம் சந்தனம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் எழுதுவினைஞனாக இருந்த என்னைக் கம்பியூட்டர் பயிற்சிக்குத் தெரிவு செய்தார்கள். அந்நாளில் கட்டளைகளைத் தடித்த அட்டைகளில் துளைகளாகக் குத்தி, இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். மாத்தளையில் இரும்புக் கடை வைத்திருந்த அப்பா, என் ஒவ்வொரு படியையும் கொண்டாடினார். முதல் அட்டையைப் பிழையின்றிக் குத்தியதற்கு அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். இயந்திரம் பத்து எண்களைச் சரியாகக் கூட்டியதற்குக் கடைத்தெரு முழுவதும் லட்டு வழங்கினார். (அக்கூட்டலை நான் மூன்றாம் வகுப்பிலேயே போட்டவன் என்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை.)

சரஸ்வதி பூசைக்கு ஊர் வந்தபோது, அந்த வாரம் மேலதிகாரிகள் முன் ஓட்டிக் காட்டவேண்டிய அட்டைக்கட்டையும் கொண்டுவந்தேன். ஓடினால் இயந்திரப் பிரிவில் நிரந்தர இடம். இல்லையேல் பழைய மேசை. தராசு, படிக்கல் ஆகியவற்றுடன் அப்பா அதையும் பூசையில் வைத்தார். நான் பெருந்தன்மையோடு அனுமதித்தேன்.

புறப்படும்போது அட்டைக்கட்டைத் தந்த அப்பா, “ஒன்னு விடாம பாத்துட்டேன் தம்பி” என்றார். பிரித்துப் பார்ப்பது தன்னம்பிக்கை அற்றவர் வேலை என்று அப்படியே பையில் வைத்தேன்.

கொழும்பில் இயந்திரம் சில அட்டைகளை விழுங்கியது; இருமியது; நின்றது. மூடியைத் திறந்ததும் குளிரூட்டிய அறை முழுவதும் சந்தனம் மணத்தது. ஒவ்வோர் அட்டையிலும் வட்டமாகப் பொட்டு, நடுவில் குங்குமம். யாருக்குக் கலியாணம் என்று மேலதிகாரி ஆங்கிலத்தில் விசாரித்தார். ரயிலில் மழை நனைத்துவிட்டது என்றேன். மழையில் குங்குமம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த நாகரிகத்துக்கு இன்றும் நன்றியுடையேன். பழைய மேசைக்கே திரும்பினேன்.

அடுத்த முறை ஊர் போனபோது, கடையில் வாடிக்கையாளர் முன்னிலையில் அப்பா கேட்டார்.

“தம்பி, ஓடிச்சா?”

“ஓடிச்சுப்பா.”

மறுபடியும் தெரு முழுவதும் லட்டு. நானும் ஒன்று தின்றேன்.

சில ஆண்டுகளில் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு மாலை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கையால் விலக்கினார்.

“அன்னைக்கி சந்தனத்தக் கொஞ்சம் தடிப்பா வச்சிட்டேன், இல்ல?”

எதற்கும் காரணம் சொல்லவல்ல நான், “இல்லப்பா, ஓடிச்சு” என்றேன்.

“சரி விடு. லட்டு நல்லாத்தானே இருந்திச்சு.”

அந்த மாதமே போய்விட்டார்.

இன்றும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், பொட்டு வைக்கும்போது இந்தக் கதை தெரிந்த யாராவது பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள்: “தடிப்பா வைக்காதீங்க.” எல்லோரும் சிரிப்பார்கள், என் தகுதிக்கேற்ற அளவில் நானும் சிரிப்பேன். பேத்தியின் கம்பியூட்டருக்கும் நானே வைத்தேன். மெல்லியதாகத்தான் வைக்கப் பார்த்தேன். கை நடுங்குவதால் தடித்துப் போயிற்று.