சுவர் தாண்டிய அடுப்பு

எங்கள் அலுவலகத்தின் பெயர் எதிர்கால ஆற்றல் இயக்ககம். நாடு இனி அணுவை நம்பலாமா, காற்றை நம்பலாமா, வெயிலை நம்பலாமா என்று விவாதித்து முடிவு சொல்வது எங்கள் வேலை. விவாதத்தில் நாங்கள் ஒரு குறையும் வைத்ததில்லை. முடிவு மட்டும் பாக்கி. கூட்டக் குறிப்பு எழுதும் குமாஸ்தா நான்தான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

விவாதம் தொய்யாமல் நடந்ததற்குக் காரணம் கேன்டீன் அக்கா. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு கரி அடுப்பு, அதன்மேல் எந்நேரமும் பால். காற்றுப் பிரிவு அதிகாரியும் அணுப் பிரிவு அதிகாரியும் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்துவிட்டு வந்து, அந்த அடுப்பருகே ஒன்றாக நின்று டீயை ஊதி ஊதிக் குடிப்பார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு பத்திரிகையில் எங்கள் கட்டடத்தின் படம் வந்தது. முன்னால் 'தூய ஆற்றலே நம் எதிர்காலம்' என்று பெரிய பலகை. பலகைக்குப் பின்னால் கன்னங்கரேலென்று புகை.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். அக்காவையும் 'பாதிக்கப்படக்கூடிய தரப்பு' என்ற முறையில் அழைத்து, நாற்காலி தராமல் நிற்கவைத்தார்.

"இன்னையோட அந்தக் கரி அடுப்பை அணைச்சுடணும்மா. இனிமே இந்த வளாகத்துல தூய டீ மட்டும்தான்."

"என் டீ சுத்தமாத்தானே சார் இருக்கு? டம்ளரை வெந்நீர்லதான் கழுவறேன்."

"அந்தச் சுத்தம் வேற. இது கொள்கைச் சுத்தம்."

அக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. அவர் வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுத்த நாளிலிருந்து வீட்டில் உலை கொதிப்பதே இந்த அடுப்பால்தான். "அப்போ ஒரு கரண்ட் அடுப்பு குடுங்க சார். அதுல போட்டுக்கறேன்."

"கரண்ட் எங்கேருந்து வருது?"

"சுவத்துலேருந்து."

"சுவத்துக்கு எங்கேருந்து வருது? அதைத்தானேம்மா இங்க எல்லாரும் பேசிட்டிருக்கோம்! பாதிக்கு மேல நிலக்கரியில எடுக்கற கரண்ட். அதுல போட்டா அதுவும் கரி டீதான்."

தலைக்கு மேல் ஏசி இரைந்துகொண்டிருந்தது. அக்கா அதை அண்ணாந்து பார்த்தார். இயக்குநரும் பார்த்தார்.

"அது நிர்வாகத் தேவை," என்றார்.

நாட்டுக்கு எது என்ற கேள்வி ஒத்திவைக்கப்பட்டு, டீக்கு எது என்ற கேள்வி போர்க்கால அடிப்படையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. காற்றுப் பிரிவு அதிகாரி மொட்டைமாடியில் ஒரு சின்னக் காற்றாலை நட்டார். காற்று வந்தபோது டீ வந்தது. வராதபோது நாங்கள் ஜன்னல் வழியாக மரக்கிளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் பேய்க்காற்று அடித்தது. உற்பத்தியான டீயை வீணாக்கக் கூடாது என்று வயிறு உப்பும்வரை குடித்தோம். ஃபிளாஸ்கில் சேமித்து வைக்கலாமே என்றார் ஒருவர். சேமிப்பு என்பது வேறொரு இயக்ககத்தின் அதிகார வரம்பு என்பதால் அந்த யோசனை பரிசீலிக்கப்படவில்லை.

சூரியப் பிரிவு மேடம் கண்ணாடி பதித்த ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தார். உச்சிப்பொழுது டீ பிரமாதம். மேகம் வந்தால் மட்டும் பால் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அதற்கு 'இடைக்கால டீ' என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள்.

அணுப் பிரிவு அதிகாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"காத்து அடிச்சா டீ, வெயில் அடிச்சா டீ. இது என்ன டீயா, ஜோசியமா? என் அடுப்பைப் பத்தவெச்சா அறுபது வருஷம் அணையாது. ராத்திரி பகல், மழை வெயில் ஒண்ணும் கிடையாது."

"எப்ப சார் பத்தவைப்பீங்க?" என்றார் அக்கா ஆவலாக.

"எல்லா அனுமதியும் வந்தா, பதினெட்டு வருஷத்துல."

"அதுவரைக்கும் நான் என்ன சார் பண்றது?"

"பாலைக் காய்ச்சாம வெச்சிருங்க."

"அது இருக்கட்டும், டீத்தூள் சக்கையை எங்க கொட்டுவீங்க?" என்று மடக்கினார் சூரியப் பிரிவு மேடம்.

"ஈயப் பெட்டியில போட்டு பூமிக்கு அடியில. பத்தாயிரம் வருஷத்துக்கு யாரும் தொடக் கூடாது."

"நான் ரோஜாச் செடிக்குப் போடறேன்," என்றார் அக்கா. அது குறிப்பில் ஏறவில்லை.

டீக்கு எது என்று முடிவாகாமல் டீ இல்லை. டீ இல்லாமல் முடிவெடுக்க யாருக்கும் தெம்பில்லை. இயக்குநர் தன் தலைமையுரையின் நடுவிலேயே தூங்கிவிழுந்தார். கொட்டகையில் பால் திரிந்தது. ஒரு மத்தியானம் அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, இப்படியே போனா கொட்டகையைப் பூட்டிட்டு நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கத்தான் போகணும். இவங்க எப்பதான் முடிவெடுப்பாங்க?"

"எடுக்க மாட்டாங்கக்கா," என்றேன்.

மறுநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. கையில் ஆவி பறக்கும் டம்ளர். பக்கத்து வளாகம் சுவாச நல அலுவலகம். அதன் வாட்ச்மேனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அடுப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிவைத்திருந்தார் அக்கா.

இயக்குநர் ஓடிவந்தார். தொலைந்தது என்று நினைத்தோம். அவர் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். முகத்தில் உயிர் வந்தது.

"நம்ம வளாகத்துல இப்போ அடுப்பு இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல சார்."

"புகை?"

"வருது சார். அங்கேருந்து வருது."

"வர்ற புகை நம்ம கணக்குல கிடையாது. எழுதுங்க. புகை வெளியேற்றம், பூஜ்ஜியம்."

எழுதினேன். மேலிடம் மகிழ்ந்தது. ஒரு விருதுப் பலகை வந்தது. அது தன் பிரிவின் சாதனை என்று மூன்று அதிகாரிகளும் தனித்தனியே பேட்டி கொடுத்தார்கள். 'அண்டை வளாக முறை' என்று இதற்குப் பெயர் சூட்டி, எல்லா அலுவலகங்களும் தத்தம் அடுப்புகளைப் பக்கத்து வளாகத்துக்கு மாற்றவேண்டும் என்று சுற்றறிக்கை பறந்தது.

அது சுவாச நல அலுவலகத்துக்கும் போனது. அவர்கள் ஒழுங்குக்குப் பேர்போனவர்கள். வளாகத்தில் கிடக்கும் பொருளுக்கெல்லாம் எண் அடிப்பது அவர்கள் வழக்கம். அக்காவின் அடுப்பிலும் ஏற்கெனவே வெள்ளைப் பெயிண்டில் எண் அடித்திருந்தார்கள். அவர்களுடைய அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார்.

"அடுப்பை உடனே பக்கத்து வளாகத்துக்கு மாத்தணும்."

"பக்கத்து வளாகம்னா எது சார்?"

"அதோ, சுவத்துக்கு அந்தப் பக்கம்."

அக்கா அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய கொட்டகையில், பழைய இடத்திலேயே வைத்தார். எங்கள் இயக்குநர் பதறிப்போய் வந்தார். குனிந்து வெள்ளை எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அடுப்பு யாருது?"

"அவங்களுது சார்."

"அப்போ புகையும் அவங்களுது."

அவர்களைக் கேட்டால், எங்கள் வளாகத்தில் புகையே இல்லையே என்கிறார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு அலுவலகமும் இப்போது தூய்மை. அக்காவுக்கு இரண்டு பக்கமும் வியாபாரம். வீட்டுக்காரருக்கு வைத்தியம் நடக்கிறது. அடுப்புக்குக் காற்று மறைப்பாக விருதுப் பலகை நிற்கிறது. மொட்டைமாடிக் காற்றாலையின் இறக்கை ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து கரியை விசிறக் கொடுத்தவர் காற்றுப் பிரிவு அதிகாரிதான்.

நாட்டுக்கு எது என்ற விவாதம் மறுபடி சூடுபிடித்துவிட்டது. நேற்றுக்கூட அணுவா காற்றா என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே இருமல். முதல்ல டீ வரட்டும் என்று கூட்டத்தை நிறுத்தினார் இயக்குநர். எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று கையை நீட்டினோம்.

"அக்கா, புகை கண்ணைக் கரிக்குதே," என்றேன்.

அக்கா இறக்கையால் விசிறிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் புகை, தம்பி?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கிக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.