டிரையர் அண்ணன் நிறுத்த மறுத்த கணினி

காலை ஏழு இருபது. ஆபிஸ் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு அட்டை. ‘ஓடுகிறது, தொடாதே.’ தேயிலை பேக்டரியில் மிஷின் சுவிட்சில் தொங்க வேண்டிய அட்டை, பக்கத்து மேசைக் கணினித் திரையின் மூலையில் தொங்கியது. அதன் முன்னால் கம்பளித் தொப்பியுடன் டிரையர் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் கணினியை நிறுத்தத் தெரியாதவர்கள் பலர் உண்டு. தெரிந்தும் நிறுத்த மறுத்தவர் இவர் ஒருவர்தான்.

தேயிலையை உலர்த்தும் டிரையரை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். முழங்கால் மடங்க மறுத்ததும் ஆபிஸில் என் பக்கத்தில் கிராணி வேலை, கணக்கெழுதும் வேலை, கொடுத்தார்கள். வரும்போது பேக்டரிச் சட்டம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்: உள்ளே கொழுந்து இருக்கும்போது மிஷினை நிறுத்தக் கூடாது, கருகிவிடும்.

கால்குலேட்டரை மூடும் முன் எண்ணைப் பூஜ்யமாக்குவார். வேலை முடியாத பைலை மூடவே மாட்டார். மாதக் கடைசியில் திறந்து கிடக்கும் பைல்கள் முப்பதைத் தாண்டும்; கணினி மூச்சு வாங்கும். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பதினொன்றை மூடினேன். எல்லாம் சேமித்தவைதான். இரண்டு நாள் என்னிடம் மலாயில் மட்டும் பேசினார்.

அன்று காலை சிவப்பு அட்டையைக் காட்டிக் கேட்டேன்: “என்னண்ணே ஆச்சு?”

“தொடாத தங்கச்சி. உள்ள மேரியோட லெட்டர் இருக்கு.”

முந்திய மாலை, கொழுந்து எடுக்கும் மேரி அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் அதை மலாயில் இரண்டு விரலால் மூன்று பக்கம் அடித்திருக்கிறார். மகள் செலினாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அதற்கான மேல்முறையீடு அன்று பகல் பன்னிரண்டுக்குள் இணையத்தில் ஏறியாக வேண்டும். கடைசிப் பத்தியில் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார்.

“சேவ் பண்ணீங்களா?”

“முடிச்சாத்தானே சேவ் பண்ண முடியும்?”

“ஸ்டக் ஆயிடுச்சுண்ணே. எண்ட் டாஸ்க் போடலாம்லா. இது டிரையர் இல்ல.”

“சூடா இருக்கே, தொட்டுப் பாரு.”

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

“சரி, என் கம்ப்யூட்டர்ல புதுசா அடிப்போம். அக்காவை வரச் சொல்லுங்க.”

“புருஷன் போன கதைய நேத்து சொன்னா. நாலு வருஷத்துல வாய் திறந்து சொன்னது அதான். மறுபடி அவளச் சொல்ல வைக்கணுமா?”

எனக்குக் கோபம்தான் வந்தது.

எட்டரை ஆனது. ஒன்பதரை ஆனது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் கொழுந்து எடை குறிக்கும் சீட்டு ஒன்றின் பின்புறத்தில், திரையில் தெரிந்த கடைசிப் பத்தியை எழுத்து எழுத்தாகப் பேனாவால் எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“கரண்டு போனா டிரையர் கதவத் திறந்து கையால வாருவோம். கைக்கு எட்டினது வரைக்கும்.”

பத்தரைக்கு மேரி அக்கா கூடையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நிலைமையைச் சொன்னேன். சிவப்பு அட்டையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

“அண்ணே, நிறுத்துங்க. போனா போகுது, நான் இன்னொரு வாட்டி சொல்றேன். புள்ள படிக்கணும்லா.”

அண்ணன் அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். “நீ அமுத்து தங்கச்சி. என்னால ஆகாது.” சொல்லிவிட்டு வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அமுக்கினேன். எல்லாம் மறைந்தது. மறுபடி திறந்தபோது, புரோகிராம் தானாகவே எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்று இடது பக்கம் வந்து நின்றது. மூன்று பக்கமும் இருந்தன. கடைசிப் பத்தி மட்டும் இல்லை.

“அண்ணே! சீட்டக் கொண்டாங்க!”

அவர் படிக்க, நான் அடித்தேன். மேரி அக்கா ஒரு வார்த்தையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்குக் கடிதம் ஏறியது. “நான் சொன்னேன்ல?” என்று அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

செலினாவுக்கு இடம் கிடைத்தது. அண்ணனும் திருந்தவில்லை, நானும் திருந்தவில்லை. அதன்பின் இரண்டு வருடம் அந்தக் கணினிக்காகச் சண்டை போட்டோம்.

போன டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவரை ஏற்றிப் போக வந்த வேன் வாசலில் ஹார்ன் அடிக்க, “முடியாதது கொஞ்சம் கிடக்கு, பாத்துக்க தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். திரையில் முப்பத்து நான்கு பைல்கள் திறந்திருந்தன. ஒரே பொத்தானில் நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, முடித்து, மூடினேன். ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டிய ஆபிஸை அன்று ஏழே காலுக்குப் பூட்டினேன்.