நூற்றுக்கு நூற்று எழுபது

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். பிறரைச் சாப்பிட வைத்தே தீருகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில் அசல் சரக்கு ஒருவரைப் பார்க்க வேண்டுமா? வாருங்கள், இந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கு. 'கண் கூசுது' என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாரே கணக்கு வாத்தியார், அவர்தான். சக ஆசிரியர்கள் வைத்த பெயர் 'டி சார்'.

ஒரு காலத்தில் அவரும் நம்மைப் போலத்தான் இருந்தார். அசதி என்று டாக்டரிடம் போனார். வைட்டமின் டி பதினாலு என்று ரிசல்ட் வந்தது. காலமெல்லாம் மார்க் போட்டே பழகிய மனுஷனுக்குப் பதினாலு என்றால் என்ன தோன்றும்? ஃபெயில்! டாக்டர் வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுபடி அளந்தபோது முப்பத்தாறு. "போதும் சார், நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். முப்பத்தாறில் நிறுத்துவதா? தட்டுத்தடுமாறிப் பாஸானதும் புத்தகத்தை மூடிவைக்கிற பையன்களை அவர் என்ன பாடு படுத்தியிருக்கிறார்! ஆகவே டாக்டரை நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர்ந்தார்.

அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"நீங்க எவ்வளவு?" என்றார் டிரில் மாஸ்டரிடம்.

"எது சார்?"

"டி!"

"நாள் பூரா வெயில்லதானே சார் நிக்கிறேன்..."

"வாயால சொன்னா ஆச்சா? பேப்பர்ல காட்டுங்க."

ஊராரிடம் இப்படிப் பேப்பர் கேட்டவர், வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அவர் மனைவிக்கு வங்கியில் வேலை, பகலெல்லாம் ஏசி. "டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுப் போடலாமே?" என்றாள் அவள். "உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே, பன்னெண்டுன்னு!" என்றார். மட்டமான மாணவிக்குத் தனிப் பயிற்சி வேண்டாமா? அவளுக்குக் கொடுத்த மாத்திரை வாரத்துக்கு ஒன்று என்பது, தினம் ஒன்றாயிற்று. மாதங்கள் போகப் போக அவளுக்குத் தாகம் எடுத்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. "பாத்தியா, இன்னும் ஏறல" என்று தைரியம் சொன்னார் நம் ஆள்.

ஒருநாள் கவுண்டரிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். சாக்பீஸ் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரிசல்டில் நூற்று எழுபது. பழக்கதோஷம் பாருங்கள், அந்த நிலைமையிலும் ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. நூற்றுக்கு மேலேயே வாங்கிவிட்டாளே!

"யார் எழுதிக் குடுத்தது இந்த மாத்திரையை?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"நான்தான் சார்... மார்க் ஏறட்டுமேன்னு" என்றார் கணக்கு வாத்தியார்.

"இது மார்க் இல்ல சார். ரத்தத்துல கால்சியம் ஏறிக் கிடக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா கிட்னிக்கே ஆபத்தாயிருக்கும். வேணுமா, எவ்வளவு வேணும், எங்க நிறுத்தணும், இதுக்குத்தான் அளக்கறது."

அவர் பயந்துவிட்டார். நிஜமாகவே பயந்துவிட்டார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறந்து கேட்டாள்: "நான் பாஸா, ஃபெயிலா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மார்க் போடத் தெரியவில்லை.

அவள் தேறி வந்துவிட்டாள். டி சாரும் திருந்திவிட்டார் என்றுதான் கேள்வி. அறிவியல் டீச்சர் அசதி என்று சொன்னபோது பழைய ஞாபகத்தில் சட்டைப் பைக்குப் போன கை, காலியாகத் திரும்பி வந்ததாம். "டாக்டரைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாராம்.

'நல்லவேளை, நான் அந்த ரகம் இல்லை' என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் முப்பத்தாறு என்று படித்தபோது உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா இல்லையா? உங்கள் மாத்திரை அட்டையிலிருந்து கடைசியாக ஒன்றைக் கிள்ளி யாருக்குக் கொடுத்தீர்கள்?

எதற்கும் எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள். வீட்டில் யாரோ ரொம்ப நேரமாகத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கிறது.